க்ஸெனியா: இந்த கிரேக்க சொல்லுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

பழைய கிரேக்க கவி ஹோமரோட காவியமான ஒடிஸியை படிக்க ஆரம்பிச்சா சீக்கிரமே எதிர்ல வந்து நிக்கிற வார்த்தை க்ஸெனியா. இங்கிலீஷ் வழியா படிச்சவங்க ஸீனியான்னு சொல்லுவாங்க, ஆனா கிரேக்கத்துல முதல் எழுத்தோட ஒலி 'க்ஸ்', அதனால இங்க க்ஸெனியான்னே எழுதுறேன். நோட்ஸ்ல எல்லாம் ஹாஸ்பிட்டாலிட்டின்னு ஒத்த வார்த்தையில முடிச்சிடுறாங்க, தமிழ்ல எழுதுறவங்களும் விருந்தோம்பல்னு போட்டுட்டு மேல போயிடுறாங்க. இலக்கியம் படிக்கிற ஸ்டூடன்ட்டா ஹோமரோட இலியட், ஒடிஸி ரெண்டையும் படிச்சதுல எனக்கு தோணுறது என்னன்னா, விருந்தோம்பல் இந்த சொல்லோட ஒரு பாதிதான், மீதி பாதியை விட்டுட்டா ட்ராய் போர் ஏன் வந்துச்சு, ஒடிஸியோட நாயகன் ஒடிஸியூஸ் கடைசியில ஏன் அத்தனை பேரை கொல்றான்னு எதுவுமே சரியா பிடிபடாது.

முதல்ல வேர்ச்சொல்லை பார்ப்போம். க்ஸெனியா வர்றது க்ஸெனோஸ்ங்கிற சொல்லுல இருந்து. ஹோமரோட மொழியில அது க்ஸெய்னோஸ். இதுக்கு அர்த்தம் ஒண்ணு இல்ல. முன்பின் தெரியாத ஆளு, வெளியூர்க்காரன், விருந்தாளி, விருந்து கொடுக்கிற வீட்டுக்காரன் எல்லாருமே க்ஸெனோஸ்தான். பிற்காலத்துல கூலிக்கு சண்டை போடுற வெளிநாட்டு சிப்பாயையும் இதே சொல்லால கூப்பிட்டிருக்காங்க. கொடுக்கிறவனுக்கும் வாங்கிக்கிறவனுக்கும் ஒரே பேருங்கிறதை கவனிங்க, ஏன்னா க்ஸெனியாவோட மொத்த கணக்கும் அதுல இருக்கு, இன்னிக்கு நீ என் வீட்டுக்கு வந்த க்ஸெனோஸ், நாளைக்கு நான் உன் ஊருக்கு வந்தா நான்தான் க்ஸெனோஸ்.

சொல் ரொம்ப பழசு. கிரீட், பைலோஸ் பக்கம் கிடைச்ச களிமண் பலகைகள்ல இருக்கிற லீனியர் பிங்கிற ரொம்ப பழைய கிரேக்க எழுத்தை 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ்ங்கிறவர் படிச்சு உடைச்சாரு, அதுல துணிமணி கணக்கு எழுதுற இடத்துலயே 'கெ-செ-நு-வி-ய'ன்னு இந்த சொல்லோட பழைய வடிவம் வருது, விருந்தாளிகளுக்கான துணின்னு அர்த்தம் சொல்றாங்க. ஆக ஹோமர் காலத்துக்கு பல நூறு வருஷம் முன்னாடியே அரண்மனை கணக்குப்பிள்ளைங்க எழுதி வச்ச சொல் இது. லத்தீன்ல இருக்கிற ஹோஸ்டிஸ், இங்கிலீஷ்ல இருக்கிற கெஸ்ட், ஹோஸ்ட் எல்லாம் ஒரே வேருன்னு சொல்றது நல்லா நிலைச்ச கருத்து. ஆனா க்ஸெனோஸும் அதே குடும்பமான்னு மொழியியல் ஆட்கள் நடுவுல இன்னும் ஒத்துமை வரல, கிரேக்கர்களுக்கு முன்னாடி அங்க இருந்தவங்க மொழியில இருந்து வந்திருக்கலாம்னு ஒரு தரப்பு சொல்லுது. லத்தீன் ஹோஸ்டிஸ் பின்னாடி எதிரிங்கிற அர்த்தத்துக்கு போயிடுச்சு. புதுசா வாசல்ல நிக்கிறவன் நல்லவனா கெட்டவனான்னு தெரியாத ஒரு உலகத்துலதான் இந்த சொல்லெல்லாம் பிறந்திருக்கு, போலீஸ் இல்ல, லாட்ஜ் இல்ல, பாஸ்போர்ட் இல்ல, பயணம் போறவன் உயிரோட திரும்பி வரணும்னா ஏதோ ஒரு வீட்டு கதவு திறக்கணும். அதனாலதான் இதுக்கு காவலா தெய்வங்களோட ராஜாவையே வச்சாங்க, ஸ்யூஸுக்கு ஸ்யூஸ் க்ஸெனியோஸ்னே ஒரு பேரு உண்டு.

இது நடைமுறையில எப்படி இருக்கும்னு ஒடிஸி முதல் பகுதியிலேயே ஹோமர் காட்டிடுறாரு. அதீனா தேவி மென்டிஸ்ங்கிற வெளியூர் தலைவன் வேஷத்துல ஒடிஸியூஸோட ஊரான இதாகாவுல அரண்மனை வாசல்ல வந்து நிக்கிறா. போருக்கு போன ஒடிஸியூஸ் இன்னும் திரும்பல, உள்ள அவன் மனைவி பெனலோப்பியை கட்டிக்கணும்னு வந்து உட்கார்ந்திருக்கிற கூட்டம் தாயம் மாதிரி ஏதோ ஆடிட்டு இருக்கு, ஒருத்தனும் எழுந்திரிக்கல. ஒடிஸியூஸோட மகன் டெலமாக்கஸ் மட்டும் பார்க்கிறான், ஒரு விருந்தாளி இவ்வளவு நேரம் வாசல்ல நிக்கிறாரேன்னு அவனுக்கு மனசு பொறுக்கல, நேரா போய் வலது கையை பிடிச்சு, கையில இருக்கிற ஈட்டியை வாங்கி தூண் பக்கத்துல அவங்கப்பா ஈட்டிகள் இருக்கிற இடத்துலயே சாய்ச்சு வச்சுட்டு, சாப்பிடுங்க, அப்புறமா உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கன்னு சொல்றான். ஒரு வேலைக்கார பொண்ணு தங்க ஜாடியில தண்ணி கொண்டு வந்து வெள்ளி பாத்திரத்துக்கு மேல கை கழுவ ஊத்துறா, ரொட்டி வருது, கறி வருது, ஒயின் வருது. பேரு என்னன்னு கேட்கிறது இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

சாப்பாடு முதல்ல, கேள்வி அப்புறம். இந்த வரிசைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. யாரு, எந்த ஊரு, யார் வீட்டு பிள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி சோறு போட்டா அது க்ஸெனியா ஆகாது. இலியட்ல லிசியா நாட்டு ராஜா, பெல்லரொஃபான்ங்கிற வீரன் வந்தப்போ 9 நாள் 9 மாடு வெட்டி விருந்து வச்சுட்டு 10ஆவது நாள்தான் கொண்டு வந்த ஓலையை காட்டுன்னு கேட்கிறான். ஒடிஸியில பைலோஸ் ராஜா நெஸ்டரும் அப்படித்தான், விருந்து முடிச்சுட்டு, இப்போ கேட்கலாம், நீங்க யாரு, எங்கிருந்து கடல் வழியா வர்றீங்க, வியாபாரமா, இல்ல கடல் கொள்ளைக்காரங்களான்னு டெலமாக்கஸ்கிட்ட கேட்கிறாரு. இதே கேள்வியை வரிக்கு வரி அப்படியே 9ஆம் பகுதியில ஒத்தக்கண்ணன் பாலிஃபீமஸும் கேட்கிறான்! வார்த்தை ஒண்ணுதான், ஆனா அவன் குகைக்குள்ள ஆளுங்களை பார்த்த உடனே, ஒரு வாய் தண்ணி கூட கொடுக்காம கேட்கிறான். ஸ்யூஸ் பேரை சொல்லி ஒடிஸியூஸ் கெஞ்சுனா எனக்கு ஸ்யூஸெல்லாம் ஒரு பொருட்டே இல்லன்னுட்டு விருந்தாளிக்கு சாப்பாடு போடுறதுக்கு பதிலா விருந்தாளியையே சாப்பிடுறான். அப்புறம் ஒயினை குடிச்சுட்டு, உனக்கு விருந்தாளி பரிசு தர்றேன், உன்னை கடைசியா சாப்பிடுறேன், அதான் பரிசுன்னு சொல்றான். க்ஸெனியாவோட ஒவ்வொரு படியையும் தலைகீழா புரட்டி போட்ட காட்சி அது. ஒண்ணு சொல்லணும், இதுல ஒடிஸியூஸ் பக்கமும் தப்பு இருக்கு, வீட்டுக்காரன் இல்லாத நேரம் உள்ள புகுந்து சீஸை எடுத்து சாப்பிட்டு உட்கார்ந்திருக்கான், கூட வந்தவங்க கிளம்பலாம்னு சொல்லியும் கேட்கல. விருந்தாளிக்கும் கடமை உண்டு.

அந்த கடமையை மிதிச்சவன்தான் ட்ராய் இளவரசன் பாரிஸ். ஸ்பார்ட்டா ராஜா மெனலாவ்ஸ் வீட்டுல சாப்பிட்டு தங்கிட்டு அவன் மனைவி ஹெலனையும் சொத்தையும் எடுத்துக்கிட்டு போனான், ட்ராய் போர் வந்தது அதனாலதான். இலியட் 3ஆம் பகுதியில மெனலாவ்ஸ் ஸ்யூஸ்கிட்ட வேண்டுறப்போ மனைவி போனதை பத்தி புலம்பல, அன்பு காட்டின வீட்டுக்காரனுக்கு துரோகம் பண்ண இனி பிறக்கப்போறவனும் நடுங்கணும்னு கேட்கிறான். ஒடிஸியில பெனலோப்பி வீட்டை அடைச்சுக்கிட்டு இருக்கிற அந்த 108 பேரும் இதே ரகம், வருஷக்கணக்கா உட்கார்ந்து பன்னியும் மாடும் தின்னு தீர்க்கிறாங்க, பிச்சைக்காரன் வேஷத்துல வந்த ஒடிஸியூஸ் மேல அந்த கூட்டத்துல அன்டினோஸ்ங்கிறவன் கால்மனையை தூக்கி எறியறான், டெசிப்பஸ்னு ஒருத்தன் மாட்டுக்கால் குளம்பை எடுத்து இந்தா விருந்தாளி பரிசுன்னு வீசுறான்.

இதுக்கு எதிர்ல பன்னி மேய்க்கிற யூமேயஸை வைங்க. என்னை பொறுத்தவரை ஒடிஸியில க்ஸெனியாவை முழுசா கடைப்பிடிக்கிறது இந்த அடிமை ஆளுதான். நாய்ங்க பாய்ஞ்சு வருது, கல்லை விட்டு விரட்டிட்டு, கிழவன் வேஷத்துல வந்த ஒடிஸியூஸை யாருன்னு தெரியாமலேயே குடிசைக்குள்ள கூட்டிட்டு போறான், தழையை பரப்பி, தான் படுக்கிற காட்டு ஆட்டுத்தோலை எடுத்து மேல போட்டு உட்கார வைக்கிறான். கொழுத்த பன்னியெல்லாம் அந்த கூட்டத்துக்கு போயிடுது, அவன் கையில இருக்கிறது குட்டிங்கதான், ரெண்டு குட்டியை அடிச்சு சுட்டு சூடா கம்பியோட கொண்டு வந்து வைக்கிறான். "விருந்தாளியும் பிச்சைக்காரனும் எல்லாரும் ஸ்யூஸ்கிட்ட இருந்து வர்றவங்க, நாங்க கொடுக்கிறது கொஞ்சம்தான், ஆனா அன்போட"ன்னு அவன் சொல்ற வார்த்தையையே 6ஆம் பகுதியில ராஜா வீட்டு பொண்ணு நௌசிக்காவும் சொல்றா. ராஜகுமாரிக்கும் பன்னி மேய்க்கிறவனுக்கும் ஒரே வாக்கியம்.

இது வரைக்கும் பார்த்தா விருந்தோம்பல்ங்கிற சொல்லே போதும்னு தோணும். மீதி பாதி இனிமேதான் வருது. கிளம்புறப்போ பரிசு கொடுக்கணும், அந்த பரிசு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு உறவை உண்டாக்கும், அது பிள்ளை பேரன் வரைக்கும் சொத்து மாதிரி இறங்கும். இலியட் 6ஆம் பகுதியில நடு போர்க்களத்துல கிரேக்கர் பக்கத்து டயோமிடிஸும் ட்ராய் பக்கத்து க்ளாக்கஸும் ஒருத்தனை ஒருத்தன் கொல்ல நேருக்கு நேரா வர்றாங்க. க்ளாக்கஸ் தன் வம்சத்தை சொல்ல சொல்ல டயோமிடிஸுக்கு சந்தோஷம் தாங்கல, ஈட்டியை மண்ணுல குத்தி நிறுத்திடுறான், ஏன்னா இவன் தாத்தா ஈனியஸ் அவன் தாத்தா பெல்லரொஃபானை 20 நாள் வீட்டுல வச்சு விருந்து கொடுத்திருக்காரு, இவர் கொடுத்தது சிவப்பு சாயம் போட்ட இடுப்புப்பட்டை, அவர் கொடுத்தது தங்க கோப்பை, அந்த கோப்பை இன்னும் எங்க வீட்டுல இருக்குன்னு சொல்றான். ரெண்டு பேரும் தேரை விட்டு குதிச்சு கை பிடிச்சுக்கிட்டு கவசத்தை மாத்திக்கிறாங்க, க்ளாக்கஸ் 100 மாடு பெறுமானமுள்ள தங்க கவசத்தை கொடுத்துட்டு 9 மாடு பெறுமானமுள்ள வெண்கல கவசத்தை வாங்கிக்கிறான். தாத்தாக்கள் சாப்பிட்ட விருந்துக்காக பேரனுங்க போரையே நிறுத்துறாங்க. ஒடிஸியூஸ் கையில இருக்கிற அந்த பேர் பெற்ற வில்லும் இப்படி வந்ததுதான், இஃபிடஸ்னு ஒருத்தன் கொடுத்தது, பதிலுக்கு இவன் வாளும் ஈட்டியும் கொடுத்தான். ஆனா ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிடறதுக்கு முன்னாடியே இஃபிடஸை ஹெராக்ளிஸ் தன் வீட்டுலயே, விருந்தாளின்னும் பார்க்காம கொன்னுட்டான். அந்த வில்லை ஒடிஸியூஸ் போருக்கே எடுத்துட்டு போகல, நண்பன் ஞாபகமா வீட்டுல வச்சிருந்தான். க்ஸெனியாவை மிதிச்ச கூட்டத்தை அவன் சாய்க்கிறது அந்த வில்லாலதான்.

இப்போ தமிழுக்கு வருவோம். விருந்துங்கிற சொல்லுக்கு பழைய அர்த்தமே புதுமை. தொல்காப்பியம் செய்யுளியல்ல புதுசா கட்டுற யாப்புக்கு விருந்துன்னு பேரு இருக்கு, அதுல இருந்து புதுசா வந்த ஆளு விருந்து, அவருக்கு போடுற சாப்பாடு விருந்துன்னு பொருள் நகர்ந்து வந்திருக்கு. தெரியாத ஆளும் விருந்தாளியும் ஒரே சொல்லுல நிக்கிறதுல க்ஸெனோஸுக்கு இவ்வளவு பக்கத்துல வர்ற சொல் தமிழ்ல வேற இல்லன்னு நினைக்கிறேன். அதிதிங்கிறதும் சொல்லாம வந்தவர்ங்கிற பொருள்ல பழக்கத்துல இருக்கு, ஆனா அது வடசொல். அதனால க்ஸெனோஸ்னா விருந்துன்னோ விருந்தாளின்னோ எழுதலாம், இடத்தை பொறுத்து அயலான்னும் போடலாம். க்ஸெனியாவுக்குத்தான் சிக்கல். ஓம்புதல்னா பேணுறது, குறள் 9ஆம் அதிகாரம் முழுக்க வீட்டுக்காரன் பேணுற அழகுதான், வந்தவரை பேணி அனுப்பிட்டு அடுத்து வர்றவருக்கு காத்திருக்கிறவன் வானத்தவருக்கு நல்விருந்து ஆவான்னு 86ஆவது குறள் சொல்லுது. அதுல பதிலுக்கு பரிசு, பேரன் வரைக்கும் பாத்தியதைங்கிற பேச்சே கிடையாது, அந்த ஒருவழி பெருந்தன்மைதான் அதோட பெருமை. க்ஸெனியாவோ ரெண்டு பக்கமும் கட்டுற கட்டு.

அதனால நான் ரெண்டா பிரிச்சு எழுதுறேன். டெலமாக்கஸ் ஈட்டியை வாங்கி வச்சு சோறு போடுறதும், யூமேயஸ் ஆட்டுத்தோலை விரிக்கிறதும் வர்ற இடத்துல தயங்காம விருந்தோம்பல்னு போடலாம். தலைமுறை தாண்டுற அந்த பந்தம் வர்ற இடத்துல விருந்துறவுன்னு எழுதுறேன், சம்பந்தப்பட்ட ஆளை விருந்துறவினன்னு சொல்லலாம். விருந்து நட்புன்னு போடலாமேன்னு கேட்கலாம், ஆனா நட்பு நாமளா தேடிக்கிறது, க்ளாக்கஸும் டயோமிடிஸும் அன்னிக்கு வரைக்கும் முகம் கூட பார்த்ததில்ல, அவங்களுக்கு அது பிறப்போடவே வந்தது, அதனால உறவுதான் சரி. ஈட்டியை மண்ணுல குத்திட்டு டயோமிடிஸ் சொல்ற அந்த வரியை இப்படி தமிழாக்கலாம்: "அப்படின்னா நீ எங்கப்பா வழியில எனக்கு பழைய விருந்துறவுக்காரன்."