நீதிமன்ற மாடியில் புத்தகம் ஏற்றுமுன் கட்டை முனையைப் பாருங்கள்

பழைய நீதிமன்றக் கட்டடத்தை நூலகமாக்கும் பணியில், அலமாரிகள் நிரம்பிய பிறகே என்னை அழைப்பது இந்த ஓராண்டில் இது மூன்றாவது முறை. சென்னையின் பழைய பகுதியில் உள்ள அந்தக் கட்டடத்தில், மாடியில் விசாரணை நடந்த கூடத்தின் நடுவே இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, சட்டத் தொகுதிகளையும் நாளிதழ்க் கட்டுகளையும் அடுக்கிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் மேற்கூரைப் பூச்சு தட்டுத்தட்டாகப் பெயர்ந்து விழுந்த பிறகுதான் சந்தேகம் எழுந்திருக்கிறது. மாடித் தரையில் குறுக்காக நூல் பிடித்துப் பார்த்தேன்; நடுவில் மூன்று விரல் நுழையும் அளவுக்குத் தளம் தொய்ந்திருந்தது. கீழே ஏணி வைத்து ஏறி, மாடித் தளத்தைத் தாங்கும் ஒரு தேக்குக் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியை அழுத்தினேன். அது பிடி வரை உள்ளே போயிற்று.

"இரண்டரை அடிச் சுவர் சார், எதையும் தாங்கும்" என்றார் ஒப்பந்ததாரர். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு நான் சலித்துவிட்டேன். சுவரின் கனத்துக்கும் தளத்தின் வலுவுக்கும் தொடர்பே இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்லும் தளத்தில், வரிசையாகக் கிடக்கும் தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இறுக்கியிருப்பார்கள். மேலே வைக்கும் பாரம் முழுவதையும் சுமப்பவை அந்தக் கட்டைகளே. சுவர் இரண்டரை அடியானாலும் பத்தடியானாலும் கட்டை அதே கட்டைதான். உண்மையில், கனத்த சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் யார் கண்ணிலும் படாமல் ஈரத்தில் ஊறி அழுகுகிறது. வெளிப்புறத்தில் சிமென்ட் பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஈரம் வெளியேற வழியில்லை.

"வழக்கு நாட்களில் நூற்றுக்கணக்கானோர் நின்ற கூடம்தானே" என்பது அடுத்த வாதம். கூட்டம் மாலையில் கலைந்துவிடும். புத்தகமோ இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் மரம் மெல்ல மெல்ல வளைகிறது. ஒரு சட்டத் தொகுதியை அங்கேயே தராசில் வைத்தேன். ஒன்றரைக் கிலோ இருந்தது. ஒரு மீட்டர் தட்டில் இருபது தொகுதிகள், ஆறு தட்டுகள், இரண்டு பக்கம் என்று கணக்கிட்டால் ஒரே அலமாரியில் 360 கிலோ. கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875, வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்று கணக்கிடச் சொல்கிறது. நூலக அடுக்கறைக்கு அது 600 கிலோ, உயரமான அலமாரியென்றால் இன்னும் கூடும். புத்தகக் கிடங்கு தனியாக இருந்தால் வாசிப்பறைக்கு 300 போதும்.

நீதிமன்றத்தை நூலகமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. பயன்பாட்டில் இருக்கும் கட்டடமே பிழைக்கும். சென்னை உயர் நீதிமன்றம் 1892-இல் இன்றைய கட்டடத்துக்கு வருமுன் இயங்கிய பென்டிங்க் கட்டடத்தை நாம் இழந்தோம். அங்கே இன்று சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. நியூயார்க்கில் 1877-இல் கட்டி முடித்த ஜெபர்சன் மார்க்கெட் நீதிமன்றம் இடிபடவிருந்தபோது, அப்பகுதி மக்கள் போராடி மீட்டார்கள். 1967 முதல் அது பொது நூலகம். அங்கே கைதிகளை வைத்திருந்த செங்கல் வளைவு நிலவறை நோக்கு நூல் பகுதியாயிற்று; மாடியிலிருந்த உரிமையியல் நீதிமன்றக் கூடம் வாசிப்பறையாயிற்று. மழைநீர் புகும் நம் ஊருக்கு நிலவறை பொருந்தாது, தரைத்தளம் பொருந்தும்.

ஆகவே அலமாரிக்கு டெண்டர் விடுமுன் ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளையும் திறந்து பாருங்கள். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு மற்றவையும் நன்றாக இருப்பதாக எழுதாதீர்கள். புத்தகங்களைத் தரைத்தளத்தில், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்குமாறு வையுங்கள். கரையானும் வெள்ளமும் முதலில் தொடுவது அந்தத் தட்டைத்தான். மாடிக் கூடத்தில் மேசையும் நாற்காலியும் போதும். ஒழுகும் மொட்டை மாடியில் பழைய தளவரிசையைப் பெயர்க்காமல் அதன்மேல் கான்கிரீட் கொட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நொந்துபோன கட்டைகளின் தலையில்தான் அந்தப் பாரமும் ஏறுகிறது. நூலகர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மேற்கூரைப் பூச்சில் கட்டையை ஒட்டி நேர்கோடாக விரிசல் தெரிந்தால், வெள்ளையடித்து மறைக்க விடாதீர்கள்.

அந்தக் கட்டடத்தில் இப்போது முட்டு கொடுத்திருக்கிறோம். புத்தகங்கள் ஒவ்வொரு கட்டாகக் கீழே இறங்குகின்றன. பதினொரு கட்டைகளின் முனைகளை வெட்டி, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போடத் தச்சர் அளவெடுத்துச் சென்றிருக்கிறார்.