ஜவ்வு சரியாகிவிட்டது, போனஸ் கோட்டைத்தான் தாண்ட முடியவில்லை

"வலிக்குது சார்."

புரட்டாசி மாதத்து மாலை ஒன்றில் அந்தத் தம்பி மறுபடி வந்து நின்றார். வயது 21, கபடி ரைடர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர். ஒன்பது மாதத்துக்கு முன் வலது முட்டியில் அறுவை சிகிச்சை ஆனது. இரண்டு வாரம் முன்புதான் எல்லாப் பரிசோதனையும் முடித்து, "இனி களத்துக்குப் போகலாம்" என்று நானே அனுப்பி வைத்திருந்தேன்.

எந்த இடத்தில் வலி என்று கேட்டேன். உள்ளங்கையை வைத்து முட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். குறிப்பாக ஒரு இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. சரி, மறுபடி எல்லாம் பார்த்தோம். வீக்கம் இல்லை, முட்டி ஆடவில்லை. சாக்பீஸ் கோட்டில் நின்று ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னேன். நல்ல கால் 151 சென்டிமீட்டர், ஆபரேஷன் ஆன கால் 142. அதாவது 94 சதவீதம். பொதுவாக 90ஐத் தொட்டால் போதும் என்போம். காகிதத்தில் அவர் தயார்.

அப்புறம் ஓடிப்போய் வலது காலை ஊன்றித் திரும்பச் சொன்னேன். ஊன்ற வேண்டிய இடத்துக்கு நான்கு அடி முன்பே மூன்று குட்டி எட்டு வைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இடது காலில் திரும்பினார். மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் இடது கால்தான். தான் அப்படிச் செய்வதே அவருக்குத் தெரியவில்லை.

(ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதுங்க சார் என்று சொன்னது அந்தத் தம்பியேதான்.)

கபடி பார்க்காதவர்களுக்காக ஒரு விஷயம். எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருக்கும்போது, போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றினால் ஒரு புள்ளி. ஊன்றும் அந்த நொடியில் பின்கால் தரையில் படக்கூடாது. அப்படியென்றால் உடம்பின் மொத்தப் பாரமும் ஒற்றைக் காலில், அதுவும் எதிரியின் களத்துக்கு உள்ளே. அதே காலை உந்தித்தான் திரும்பி ஓடியாக வேண்டும். இந்தத் தம்பி போனஸ் எடுப்பது வலது காலில். அப்படி எடுத்துத் திரும்பிய ஒரு பயிற்சி ஆட்டத்தில்தான் முட்டிக்குள் 'டப்' என்றது. ஏசிஎல் கிழிந்தது.

நம் ஊரில் இதை ஜவ்வு கிழிந்தது என்பார்கள். எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிக்கும் லிகமெண்டுக்கும் ஜவ்வுதான், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸுக்கும் ஜவ்வுதான். யாராவது "ஜவ்வு போச்சு" என்று வந்தால் எம்ஆர்ஐ அறிக்கையைப் பார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. ஏசிஎல் முட்டிக்குள் இருக்கும் லிகமெண்ட். தொடை எலும்பின் கீழே கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. பெரும்பாலும் யாரும் மோதாமலே, ஊன்றித் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ கிழிகிறது. ஆபரேஷனில் நம் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அது லிகமெண்டாக முதிர மாதக்கணக்காகும்.

அந்த மாதங்களில் நாம் தசையை வளர்க்கிறோம். பயம் அதுபாட்டுக்கு வளர்கிறது.

பயத்தை வெறும் மனசு சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. பயந்தவர் முட்டியை மடக்காமல் விறைப்பாக இறங்குவார். மடங்கும் முட்டி அதிர்வைத் தசைக்குக் கொடுக்கும், விறைத்த முட்டி அதை நேராக மூட்டுக்கும் லிகமெண்டுக்கும் அனுப்பும். கண் எதிராளியைப் பார்க்காமல் தன் காலையே பார்க்கும். பாரமெல்லாம் நல்ல காலுக்குப் போக, ஒரு நாள் அந்த முட்டியும் மல்லுக்கு நிற்கும். எந்தக் காயத்துக்குப் பயந்தாரோ அந்தக் காயத்துக்கான வழியைப் பயமே போட்டுக் கொடுக்கிறது.

ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. 100 பேரில் 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 பேர்தான். திரும்பாத எல்லோருக்கும் முட்டிதான் காரணம் என்று சொல்ல முடியாது. அதனால் மனம் தயாரா என்று அளக்க ஒரு கேள்வித்தாளே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கேட் வெப்ஸ்டர் குழுவினர் 2008இல் வெளியிட்டது, 12 கேள்விகள், 100க்கு மதிப்பெண். நான் அதைத் தமிழில் பேச்சுவாக்கில் கேட்பேன்.

தம்பிக்கு 38 வந்தது. அதைவிட, எந்தக் கேள்வியில் விழுந்தார் என்பதுதான் முக்கியம். மறுபடி அடிபடுமோ என்பதற்குக்கூட ஓரளவு மதிப்பெண் போட்டார். மறுபடி ஆபரேஷன், மறுபடி இத்தனை மாதம் என்ற நினைப்பு உங்களைத் தடுக்கிறதா என்ற கேள்விக்குச் சுழியம். ஏன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா செயின் இன்னும் அடகுலதான் சார் இருக்கு."

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று நம்பி ஆடும் பையனுக்கு முட்டி என்பது முட்டி மட்டும் இல்லை. எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தாண்டும் தூரத்தை அளந்த நான் இதைக் கேட்கவே இல்லை. அந்த இரண்டு வாரத் தவறு என்னுடையது.

இந்த மாதிரி நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் சொல்வது எனக்கு மனப்பாடம். கோச், "பயந்தா ஆட முடியாதுடா." அம்மா, "காலு நல்லா இருந்தா போதும் சார், விளையாட்டே வேணாம்." மாமா போனை நீட்டுவார், "ரிஷப் பந்த்தே வந்துட்டாரு, உனக்கென்ன?" கிரிக்கெட் வீரர் பந்த்துக்குக் கார் விபத்து நடந்தது 2022 டிசம்பர் 30. ஐபிஎல்லில் மறுபடி இறங்கியது 2024 மார்ச். டெஸ்ட் ஆட 2024 செப்டம்பர் ஆனது, அதுவும் நம் சேப்பாக்கத்தில், 109 அடித்தார். 20 மாதத்துக்கு மேல். அவரை உதாரணம் காட்டும் அதே மாமாதான், ஐந்தாவது மாதமே கோயில் திருவிழாப் போட்டிக்குப் பையனை இறக்கலாமா என்று கேட்டவர். நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது. ஐந்தாவது மாதத்தில் பயம் வந்தால் அந்தப் பயத்துக்கு நன்றி சொல்லுங்கள்.

இவருக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது, தசையும் தயார். இனி பயத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். ஒரு நோட்டில் களத்தில் செய்யும் பத்து அசைவுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்று போடச் சொன்னேன். நீ-கேப் இல்லாமல் மண்ணில் ஓடுவது 2. வலது காலில் நின்று திரும்புவது 6. ஆள் இல்லாத களத்தில் போனஸ் 7. கார்னர் ஆள் (எதிரணியில் ஓரத்தில் நின்று பிடிப்பவர்) கணுக்காலைப் பிடிக்க வரும்போது போனஸ், 10 போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

மூன்று, நான்கு போட்டவற்றில் தொடங்கினோம். ஒரு அசைவைப் பயம் ஒன்றுக்கோ இரண்டுக்கோ இறங்கும் வரை திரும்பத் திரும்பச் செய்வது, பிறகு அடுத்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பயம் உச்சியில் இருக்கும்போது நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. போனால், 'ஓடி வந்ததால்தான் தப்பித்தோம்' என்று உடம்பு கற்றுக்கொள்ளும், நாளைக்குப் பயம் கூடும். முடியவில்லையா, ஒரு படி இறங்கி, முடிந்ததைச் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பயம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது போகாது. செய்யச் செய்யத்தான் குறையும்.

கூடவே தினம் காலையில் இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். மறுநாள் காலை வீக்கம் இருந்தால் நேற்று செய்தது அதிகம், குறைத்துக்கொள்வோம். இல்லையென்றால் வந்த வலிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் அவரிடமே முப்பது படம் சேர்ந்தது. நான் சொல்லும் ஆறுதலைவிட அந்தப் படங்களை அவர் நம்பினார்.

மூன்றாவது வாரம் அடிபட்ட வீடியோவைக் காட்டச் சொன்னேன். பொடிப் பசங்க எடுத்து குரூப்பில் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இதைச் செய்ய மாட்டேன், சிலருக்குத் தூக்கமே போய்விடும். இவர் ஏற்கெனவே ராத்திரியில் தனியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், விழுந்து அலறும் இடத்தை மட்டும். நான் அதற்கு முந்தைய இரண்டு நொடிகளை மெதுவாக ஓட்டினேன். பாதம் வெளிப்பக்கம் பார்த்து ஊன்றியிருக்கிறது, முட்டி உள்பக்கம் சாய்கிறது, மடங்கவே இல்லை, உடம்பு மட்டும் திரும்புகிறது. கணுக்காலைப் பிடித்த கார்னர்காரனின் கை அப்போது இன்னும் ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

"அவன் பிடிச்சதாலதான்னு நினைச்சேன் சார்."

அந்தக் கார்னர்காரன் இவருடைய நெருங்கிய நண்பன். ஒன்பது மாதமாக இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இவருக்குக் கோபம், அவருக்குக் குற்ற உணர்ச்சி. மறுநாள் அவரையும் வரச் சொல்லி அதே இரண்டு நொடியைக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, வெளியே போய் நின்றுகொண்டார். நாங்கள் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினோம்.

காரணம் தெரிந்தபின் பயத்துக்கு ஒரு உருவம் வந்துவிட்டது. முட்டி எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும் என்ற பயத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முட்டியை உள்ளே சாயவிட்டால் ஆபத்து என்று தெரிந்தால் அதற்குப் பயிற்சி உண்டு. பாதம் ஊன்றும் விதம், இடுப்பை இறக்கித் திரும்புவது, மெத்தையில் உருண்டு விழப் பழகுவது என்று ஒவ்வொன்றாகச் செய்தோம்.

களத்தில் நான் முட்டியைப் பார்த்ததைவிடக் காதுகொடுத்துக் கேட்டதுதான் அதிகம். ரைடர் 'கபடி கபடி' என்று விடாமல் பாட வேண்டும். பயம் வந்தால் மூச்சு பிடிக்கும், பாட்டு அறுபடும். இவருக்குப் போனஸ் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் ஒவ்வொரு முறையும் அறுந்தது. நண்பன் முதலில் சும்மா நின்றார், பிறகு கை நீட்டினார், பிறகு பாதி பலத்தில் பிடித்தார். முதல் பிடியில் தம்பி சிலையாகிவிட்டார். ஏழாவது தடவை உதறிக்கொண்டு வந்தார், பாட்டு அறுபடவில்லை. அன்றைக்கு நோட்டில் அந்தப் பத்தை அடித்துவிட்டு 5 என்று எழுதினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாப் பயத்தையும் இப்படிப் பழக்கிப் போக்கக் கூடாது. நடக்கும்போது முட்டி திடீரென்று விட்டுக்கொடுக்கிறது, மடக்கினால் மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, ஆடிய மறுநாள் வீங்குகிறது என்றால் பயம் சரியாகத்தான் சொல்கிறது. நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள். தூக்கம் இல்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். அப்புறம், பயமே இல்லாமல் நான்காவது மாதம் களத்தில் குதிப்பவரைப் பார்த்தால் எனக்குத்தான் பயமாக இருக்கும்.

பொங்கலுக்கு விளக்கு வெளிச்சத்தில் ஊர்ப் போட்டி. ஆபரேஷன் ஆகி 13 மாதம், கேள்வித்தாளில் 71. நானும் போயிருந்தேன். முதல் இரண்டு ரைடு கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். மூன்றாவதில் வலது காலை உள்ளே விட்டார், மாட்டினார், மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். குவியலுக்குள்ளிருந்து எழுந்தவர் மண்ணைக்கூடத் தட்டாமல் நேராக நடுவரிடம் போய்ச் சண்டை பிடித்தார். பின்கால் மேலேதான் இருந்தது, போனஸ் கொடுங்கள் என்று. நடுவர் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படம் வந்தது. இரண்டு முட்டியும் ஒன்றுபோல இருந்தன. கீழே ஒரு வரி: "சார், அது போனஸ்தான்."