நிறத்தை நம்பாதீர்கள், வாயைப் பாருங்கள்

பங்குனி, சித்திரையில் இலங்கையின் மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறைக் கடல் தணிந்து கிடக்கும். பழைய முத்துக்குளிப்பும் அந்த மாதங்களில்தான் நடந்தது. அப்போது பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், இறங்கும் சுழியோடி ஒரு கல்லருகே பொறுமையாக நின்றால், பெரிய கலவாய் ஒன்று வாயையும் செவுளையும் அகலத் திறந்தபடி அசையாமல் நிற்பதைக் காணலாம். விரல் நீள மீன் ஒன்று அந்த வாய்க்குள் போய் வரும். கலவாய் அதை விழுங்காது.

அதுதான் துப்புரவு மீன். அறிவியல் பெயர் லாப்ராய்டெஸ் டிமிடியேட்டஸ். எவ்வளவு வளர்ந்தாலும் 14 செ.மீ.யைத் தாண்டாது. மூக்கு நுனியில் மெலிதாகத் தொடங்கி வால்வரை அகன்றுகொண்டே போகும் கறுப்புப் பட்டை அதன் முதல் அடையாளம். பின்பாதி நல்ல நீலம். குஞ்சு மட்டும் கறுப்பாக, முதுகில் ஒரு நீலக்கோட்டுடன் இருக்கும்.

மற்ற மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டி இரத்தம் குடிக்கும் சிறு உண்ணிகள்தான் இதன் சாப்பாடு. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கணக்கிட்டபோது, ஒரு மீன் ஒரு நாளில் சுமார் 1,200 உண்ணிகளைத் தின்றது தெரிந்தது. அங்கேயே சில கற்களிலிருந்து துப்புரவு மீன்களை எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அகற்றி வைத்தார்கள். அந்தக் கற்களில் மற்ற மீன்களும் குறைந்துபோயின. கண்ணாடித் தொட்டிக்காக இதைப் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உண்ணிகளோடு வந்து நிற்கும் பெரிய மீன்கள் இல்லாத தொட்டியில் பெரும்பாலும் இது பட்டினியால்தான் சாகிறது.

சரி, அந்தக் கறுப்புப் பட்டைக்கு வருவோம். பெரிய மீன்கள் அதைப் பார்த்துத்தான் நம்பி நிற்கின்றன. அஸ்பிடோண்டஸ் டேனியேட்டஸ் என்ற வேறொரு குடும்பத்து மீன் அதே நீலத்தையும், பட்டையையும், மேலும் கீழும் துள்ளும் நீச்சலையும்கூட அப்படியே கொண்டிருக்கிறது. அடையாளம் தெரியாமல் நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துத் துண்டெடுத்துவிடும். வளர்ந்த மீன்களைவிட அனுபவமில்லாத இளம் மீன்கள்தான் அதிகம் ஏமாறும்.

நிறத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். வாய்தான் காட்டிக்கொடுக்கும். துப்புரவு மீனின் வாய் மூக்கு நுனியிலேயே இருக்கும். மற்றதற்கோ சுறாவுக்கு இருப்பதுபோல மூக்குக்குக் கீழே, உள்வாங்கி இருக்கும். கீழ்த்தாடையில் இரண்டு பெரிய கோரைப்பற்கள். முதுகுத்துடுப்பும் தலையை ஒட்டியே தொடங்கிவிடும். பயந்தால் கல்லில் உள்ள துளைக்குள் வாலை முதலில் விட்டு நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாயைப் பார்க்க அதுவே நல்ல சமயம்.