சமயவழி ஆற்றுப்படுத்தல்: ‘ஃபெய்த் பேஸ்டு கவுன்சலிங்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டில் ‘கவுன்சலிங் போயிட்டு வந்தோம்’ என்று யாராவது சொன்னால், ‘எந்தக் காலேஜ் கிடைச்சுது?’ என்பதுதான் அடுத்த கேள்வி. பொறியியல் சேர்க்கையும் ஆசிரியர் இடமாறுதலும் அந்தச் சொல்லை அப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன. அரசு அதற்குக் ‘கலந்தாய்வு’ என்று பெயரும் வைத்துவிட்டது, அந்த இடத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. இன்னொரு பக்கம், பைக் ரேஸ் ஓட்டிய பையன்களைப் பிடித்து, பெற்றோரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, நாலு அதட்டு அதட்டி அனுப்புவதற்கும் ‘கவுன்சலிங் கொடுத்தோம்’ என்றுதான் சொல்கிறார்கள். பத்தாததற்கு வார்டு கவுன்சிலரும் மனநலக் கவுன்சிலரும் தமிழ் எழுத்தில் ஒரே ஆள்.

இந்த நெரிசலுக்குள்தான் ‘ஃபெய்த் பேஸ்டு கவுன்சலிங்’ வந்து நிற்கிறது. மனச்சிக்கலோடு வருகிற ஒருவருக்கோ, கணவன் மனைவிக்கோ, மொத்தக் குடும்பத்துக்கோ அவர்களுடைய கடவுள் பற்றை ஒதுக்கிவைக்காமல் அதையும் துணைக்கு வைத்துக்கொண்டு பேசி உதவுவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இதை ‘நம்பிக்கை அடிப்படையிலான ஆலோசனை’ என்று மொழிபெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் நம்பிக்கையும் சரியில்லை, ஆலோசனையும் சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் கவுன்சலிங். மூலம் லத்தீனில் ‘கோன்சிலியும்’ என்ற சொல்: கூடி யோசிப்பது, யோசித்து எடுத்த முடிவு, யோசனை சொல்வது எல்லாம் அதற்குள் அடக்கம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வார்டு கவுன்சிலருக்கு மூலமான ‘கொன்கிலியும்’ வேறு சொல், ‘கூட்டி அழைத்த அவை’ என்று பொருள். ஆங்கிலத்திலேயே இந்த இரண்டும் நெடுங்காலம் குழம்பிக் கிடந்தன, ஆகையால் நம் எழுத்தில் குழம்புவதற்கு நாம் ரொம்ப வெட்கப்பட வேண்டியதில்லை.

யோசனை சொல்வது என்ற அந்தப் பழைய பொருளிலிருந்து இந்தச் சொல் ஒரு தொழிலின் பெயராக மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1908-இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று உட்கார வைத்துப் பேச ஓர் அலுவலகம் தொடங்கினார். 1942-இல் வந்த கார்ல் ரோஜர்ஸின் நூல் ஆட்டத்தையே மாற்றியது: வருகிறவருக்கு வழி சொல்லாதே, அவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேள், அதை அவருக்கே தெளிவாகத் திருப்பிக் காட்டு, வழியை அவரே கண்டுபிடிப்பார் என்பது அவருடைய கொள்கை. இந்த ரோஜர்ஸ் உளவியலுக்கு வருவதற்கு முன் நியூயார்க்கில் ஓர் இறையியல் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு விலகியவர். அதாவது கவுன்சலிங் என்ற மரத்தின் வேர் கோயில் தோட்டத்துக்குள்ளும் கொஞ்சம் ஓடியிருக்கிறது.

சமயப் பக்கத்திலிருந்து வந்த முக்கியமான ஆள் அன்டன் பாய்சன். அமெரிக்கப் போதகர், 1920-இல் தானே கடுமையாக மனம் பேதலித்து மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். குணமாகி வந்து 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பழகவிட்டுப் பயிற்சி கொடுத்தார். மனிதர்களையும் ஒரு வேதப் புத்தகத்தைப் போலப் படிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ‘பாஸ்டரல் கவுன்சலிங்’ என்று இன்று சொல்லப்படுவதற்கு அந்தப் பயிற்சி முறை ஒரு முக்கியமான தொடக்கம். பாஸ்டர் என்றால் லத்தீனில் மேய்ப்பவர். தமிழ்க் கத்தோலிக்கர் மேற்றிராணியாரை ‘ஆயர்’ என்கிறார்களே, அதுவும் இதே பொருள்தான். முல்லை நிலத்து ஆயர் அங்கே போய் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘அறிவுரை’ என்பதைத் தள்ளிவிடலாம், அறிவுரை சொல்கிறவர் மேலே, கேட்கிறவர் கீழே. ‘ஆலோசனை’ அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் ஆலோசனை வக்கீலும் சொல்வார், ஆடிட்டரும் சொல்வார், கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். ஒரு பெண் வந்து ‘அவர் தினமும் குடிச்சிட்டு வர்றாரு பாஸ்டர்’ என்கிறாள். ‘பொறுமையா இரும்மா, ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும்’ என்றால் அது ஆலோசனை. எப்போதிலிருந்து குடிக்கிறார், கை நீட்டுகிறாரா, பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், ஒரு ராத்திரி வெளியேற வேண்டி வந்தால் யார் வீட்டுக்குப் போவாய் என்று கேட்டு, அவள் அழுது முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, தேவைப்பட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்து, அப்புறம் அவள் விரும்பினால் சேர்ந்து ஜெபிப்பது வேறு ஒரு வேலை. அந்த வேறு வேலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

இலங்கைத் தமிழர்கள் அதற்கு ‘உளவளத்துணை’ என்கிறார்கள். அரசு அலுவலகப் பதவிப் பெயர்களிலேயே அது இருக்கிறது, உதவி தேடி வருகிறவரைத் ‘துணைநாடி’ என்கிறார்கள். நல்ல சொல், அதிலும் துணைநாடி அருமை. தமிழ்நாட்டில் ‘கிளையன்ட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் அதைக் கடன் வாங்கலாம்.

தமிழ்நாட்டில் சமூகப்பணி படித்தவர்களும் கிறித்தவ அமைப்புகளும் பெரும்பாலும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். ‘ஆற்றின் ஒழுக்கி அறனிழுக்கா இல்வாழ்க்கை’ என்று 48-ஆம் குறளில் வருகிற ஆறு இதே ஆறுதான், அதுவும் இல்வாழ்க்கை அதிகாரத்திலேயே.

ஆற்றுப்படை இலக்கியத்தை நினைத்துப் பாருங்கள். வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்புகிற ஒரு பாணன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு பாணனைப் பார்த்து, நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், இந்த வழியாகப் போ, வழியில் இன்னின்ன இருக்கும், இன்னாரைப் பார் என்கிறான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே சொல்கிறது. இதில் மேடை இல்லை, பீடம் இல்லை, ரெண்டு பேரும் நடுவழியில் நிற்கிறார்கள்.

1935-இல் அமெரிக்காவில் அக்ரன் நகரில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இதையேதான் செய்கிறது. குடியை விட்டவன் விட முடியாதவனிடம் தன் கதையைச் சொல்கிறான். அவர்களுடைய 12 படிகளில் கடவுளும் உண்டு, ஆனால் ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். குடிப்பவரின் வீட்டாருக்கு ‘அல் அனான்’ என்று தனிக் கூட்டம்.

பத்துப்பாட்டில் முதலில் நிற்கும் திருமுருகாற்றுப்படை இன்னும் ஒரு படி கிட்டே வருகிறது. மற்ற ஆற்றுப்படைகளுக்குப் போகிறவன் பெயர்: பாணன், பொருநன், கூத்தன். இதற்கு மட்டும் போய்ச் சேர வேண்டியவன் பெயர். நக்கீரர் அனுப்பிவைப்பது மன்னனிடம் இல்லை, முருகனிடம். சமயவழி ஆற்றுப்படுத்தல் என்ற தொடரைப் புதிதாகப் புனைந்துவிட்டோம் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆற்றுதல் என்றால் தணித்தல், ஆறுதல் தருதல். ‘ஆற்றுதல் என்பதொன்று அலந்தவர்க்கு உதவுதல்’ என்கிறது கலித்தொகை. அலந்தவர் என்றால் துன்பத்தில் கலங்கிப்போனவர். இலக்கணப்படி ஆற்றுப்படுத்தலின் ‘ஆற்று’ வழிதான், தணித்தல் இல்லை, ஆனால் கேட்கிற காதில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கிறது, அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது ‘ஃபெய்த்’. நம்பிக்கை என்று போட்டால் என்ன ஆகிறது? ‘நம்பிக்கை ஆலோசனை மையம்’ என்ற பலகையைப் பார்க்கிறவர் தன்னம்பிக்கைப் பயிற்சி என்றோ, நம்பி வரலாம் ஏமாற்ற மாட்டோம் என்றோதான் எடுத்துக்கொள்வார். கிறித்தவர்கள் ‘விசுவாசம்’ என்பார்கள், சபைக்கு வெளியே அது நாய்க்கும் தொண்டனுக்கும் சொல்கிற சொல். முஸ்லிம்கள் ‘ஈமான்’ என்பார்கள், அது அவர்களுக்குள் மட்டும் பொருள்படும். ‘மதவழி’ என்றால் இன்றைய காற்றில் வேறு வாசனை அடிக்கிறது. ‘ஆன்மிக’ என்பது மங்கலானது, யோகா வகுப்பிலிருந்து ஜாதகம்வரை எல்லாம் அதற்குள் போய்விடும். மிஞ்சுவது ‘சமயம்’. சமயவழி ஆற்றுப்படுத்தல் என்றால் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் கிறித்தவ ஆற்றுப்படுத்தல், இசுலாமிய ஆற்றுப்படுத்தல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஒவ்வொரு சமயத்துக்குள்ளும் ஏற்கெனவே பழகிய சொற்கள் இருக்கின்றன, அவற்றை இந்தச் சொல் விழுங்கிவிடக் கூடாது. யோவான் நற்செய்தியில் தூய ஆவியைக் குறிக்கும் ‘பராக்லேத்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்று பொருள். சில ஆங்கில விவிலியங்கள் அதைக் ‘கவுன்சலர்’ என்று மொழிபெயர்த்தன. பழைய தமிழ் விவிலியம் ‘தேற்றரவாளன்’ என்றது, பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘துணையாளர்’ என்றது. இந்த இரண்டிலும் ஆலோசகர் என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே சமயம், அமெரிக்காவில் ஜே ஆடம்ஸ் 1970-இல் கிளப்பிய ஒரு போக்கு உண்டு: உளவியலே வேண்டாம், வேதத்தை வைத்துக் கண்டித்துத் திருத்து என்பது. அதற்கு அவர் எடுத்த கிரேக்கச் சொல்லைத் தமிழ் விவிலியம் ‘புத்திசொல்லுதல்’ என்கிறது. அந்த வகையை ஆற்றுப்படுத்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்திசொல்லுதல் என்றே சொல்லட்டும், பெயர் நேர்மையாக இருக்கும்.

கத்தோலிக்கரிடம் ஒப்புரவு என்கிற பாவசங்கீர்த்தனம் தனி, அது பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் புனிதச் சடங்கு, அருட்சாதனம். கேட்டதைக் குரு எங்கும் சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் பங்குக் கோயில்களில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்புதான் தம்பதியருக்கான ஆற்றுப்படுத்தலுக்குப் பக்கத்தில் வருவது. ஒரு குரு, ஒரு டாக்டர், கல்யாணமாகிப் பல வருஷமான ஒரு ஜோடி என்று மாறி மாறிப் பேசுவார்கள்; சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, மாமியாரோடு இருப்பதா தனிக்குடித்தனமா என்பதிலிருந்து இயற்கைவழிக் குடும்பக் கட்டுப்பாடுவரை வந்து போகும். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிற அவசரத்தில் சான்றிதழுக்காக வந்து பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டுதான்.

இசுலாத்தில் ‘நஸீஹத்’ என்ற சொல் இருக்கிறது, நலம் நாடிச் சொல்லும் சொல் என்று பொருள். கணவன் மனைவிக்குள் பிளவு வரும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக வையுங்கள் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 35-ஆம் வசனம் சொல்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஆள் வேண்டும் என்பது அதில் தெளிவு. நடைமுறையில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசிய ஜமாஅத்துகளில் பெண்ணின் குரல் எட்டவில்லை என்றுதான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். ஜமாஅத்தோ, நம் ஊர்ப் பஞ்சாயத்தோ, இவை செய்வது தீர்ப்பு. தீர்ப்பு வேறு, ஆற்றுப்படுத்தல் வேறு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் நீதிபதி தனி, ஆற்றுப்படுத்துநர் தனி என்றுதான் வைத்திருக்கிறது.

இந்துக் குடும்பங்களில் இந்த வேலையைக் குறி சொல்பவரும் சோதிடரும் குருமார்களும் குலதெய்வக் கோயில் பூசாரியும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பது பழைய வழக்கம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எல்லை தெரிய வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். தர்காவில் குணமாகும் என்று வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. பின்னால் அதே ஏர்வாடியில் ‘தவா-துவா’ என்று, மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த திட்டம் வந்தது. துவா ஓதிவிட்டுப் பக்கத்திலேயே டாக்டரையும் பார்க்கலாம்.

ஆகவே பலகை எழுதுகிறவர்களுக்கு: ‘சமயவழி ஆற்றுப்படுத்தல் – தனியாள், இணையர், குடும்பம்’ என்று எழுதுங்கள், கீழே உங்கள் பயிற்சி என்ன என்பதையும் போடுங்கள். செய்கிறவர் ஆற்றுப்படுத்துநர், வருகிறவர் துணைநாடி. காதில் குரல் கேட்கிறது, சாகத் தோன்றுகிறது என்று சொல்லி வருகிறவரை வெறும் ஜெபத்தோடு அனுப்பிவிடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியின் 14416 என்ற எண்ணையும் அதே பலகையில் சேர்த்துவிடலாம். பேச்சில் எல்லோரும் கவுன்சலிங் என்றுதான் சொல்லப்போகிறார்கள், சொல்லட்டும்.