வலி தாங்குதிறன்: 'பெயின் டாலரன்ஸ்' என்பதற்கு நம்மிடமே இருக்கும் சொல்

உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 'பெயின் டாலரன்ஸ்' அதிகம் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். தமிழில் எழுதும்போது சிலர் 'வலி சகிப்புத்தன்மை' என்கிறார்கள், சிலர் 'வலியே தெரியாது' என்று முடித்துவிடுகிறார்கள். முதலாவது ஒட்டாத சொல். இரண்டாவது தவறான தகவல், வலி தெரியத்தான் செய்கிறது.

பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கையை மணிக்கட்டு வரை விட்டால் முதலில் வெறும் குளிர்தான். கொஞ்ச நேரத்தில் விரல் எலும்புக்குள் யாரோ பிடித்து நெரிப்பதுபோல ஒரு கடுப்பு வரும். குளிர் வலியாக மாறுகிற அந்த இடம்தான் 'பெயின் த்ரெஷோல்ட்'. அப்புறமும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்து, இனி முடியாது என்று வெடுக்கென்று கையை இழுக்கிறோமே, அந்த எல்லைதான் 'பெயின் டாலரன்ஸ்'. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

'த்ரெஷோல்ட்' என்றால் வாசற்படி. அதற்காக 'வலி வாயில்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. பள்ளி இயற்பியலில் 'பயன்தொடக்க அதிர்வெண்' என்று படித்தோமே, அதுவும் இதே 'த்ரெஷோல்ட்'தான். அந்த வழியிலேயே 'வலித்தொடக்கம்' என்றால் போதும்.

சரி, 'பெயின் டாலரன்ஸ்'? 'பெயின்' லத்தீன் 'போயினா'விலிருந்து வந்தது, அதற்குத் தண்டனை என்று பொருள், 'பெனால்டி'யும் அதே குடும்பம்தான். 'டாலரன்ஸ்' வந்தது 'டோலராரே' என்ற வினையிலிருந்து: தாங்குதல், பொறுத்தல். நம் 'வலி'யில் தண்டனை கிடையாது. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்" என்ற குறளில் (471) அதற்கு வலிமை என்றே பொருள். துடுப்பை இழுப்பதும் 'வலித்தல்', நோவதும் 'வலித்தல்'. உடல் வலுவையும் நோவையும் சேர்த்துப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா என்று எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

'சகிப்புத்தன்மை' என்றதுமே மனம் மதம், கருத்து வேறுபாடு என்று போய்விடுகிறது. பேச்சில் 'சகிக்கலை' என்பது நாற்றத்துக்கும் அலங்கோலத்துக்கும். வலி வந்தால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'தாங்க முடியலை' என்றுதான் வாயில் வருகிறது. தூண் கூரையைத் தாங்குகிறது, தோள் சுமையைத் தாங்குகிறது, எவ்வளவு தாங்கும் என்று அளந்தும் பார்க்கலாம். ஆகவே 'வலி தாங்குதிறன்'.

இந்த இரண்டு சொல்லையும் பிரித்து வைத்துக்கொண்டால் ஆய்வுகளும் தெளிவாகப் புரிகின்றன. 2014-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஆரோக்கியமான சிலர் ஆறு வாரம், வாரத்துக்கு 3 முறை, 30 நிமிடம் சைக்கிள் மிதித்தார்கள். அழுத்திப் பார்த்தபோது அவர்களுடைய வலித்தொடக்கம் மாறவில்லை, முன்பு எந்த அழுத்தத்தில் வலித்ததோ ஏறக்குறைய அதிலேயே வலித்தது. ஆனால் கையில் இரத்த ஓட்டத்தை நிறுத்திச் செய்த சோதனையில் தாங்குதிறன் கூடியிருந்தது. பயிற்சி காலுக்கு, சோதனை கைக்கு! தசை மட்டும் மாறியிருந்தால் இது நடக்காது. வலியை மூளை எடுத்துக்கொள்ளும் விதம் மாறியிருக்க வேண்டும். நார்வேயின் ட்ரோம்சோ நகரில் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம், முதலில் சொன்ன அதே குளிர்நீர்ச் சோதனையைச் செய்தபோதும், உடல் இயக்கம் அதிகம் உள்ளவர்களின் தாங்குதிறனே அதிகமாக இருந்தது. வலித்தொடக்கம் அப்படியே இருப்பது நல்லதுதான், அது உடலின் எச்சரிக்கை மணி. ஓடும்போது நெஞ்சு வலித்தால் நிற்க வேண்டும், அங்கே தாங்குதிறனைக் காட்டக்கூடாது.

இன்னொரு சொல்லையும் இதோடு கலந்துவிடுகிறார்கள்: 'ஹைப்போஅல்ஜீசியா'. கிரேக்கத்தில் 'ஹைப்போ' என்றால் கீழே, 'அல்கோஸ்' என்றால் நோவு. 'வலிக்குறைவு' என்றே சொல்லலாம். இது மாதக்கணக்கில் வளர்வதில்லை, பயிற்சி முடிந்த சூட்டில் வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடும், அப்போது வலித்தொடக்கமே சற்று உயர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 12 படகு வீரர்களைத் துடுப்பு இயந்திரத்தில் பயிற்சி செய்யவிட்டு, இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் கட்டி இறுக்கிப் பார்த்தார்கள். தனியாகத் துடுப்பு வலித்த பிறகும் வலித்தொடக்கத்தில் உயர்வு இருந்தது, ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒரே தாளத்தில் துடுப்பு வலித்த நாட்களில் அது இன்னும் அதிகமாக இருந்தது.