மலைத்தண்ணீரில் முதல் நிமிடம்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்கு மேல் டியூட்டி என்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு படபடப்பு. குலசேகரத்துக்குப் பக்கத்தில், மலையோரத்து மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெயில் ஏற ஏற நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பைக்குகள் மலையைப் பார்த்து வரத் தொடங்கும். திற்பரப்பு அருவியில் கூட்டம் என்றால் காளிகேசம். அங்கேயும் கூட்டம் என்றால் யாரோ இன்ஸ்டாகிராமில் போட்ட, பேர் தெரியாத ஒரு கசம், அதாவது ஆற்றில் ஆழமான பள்ளம். சில ஞாயிறுகளில் சாயங்காலத்துக்குள் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு ஸ்ட்ரெச்சர் வந்துவிடும். தலைமுடியில் ஆற்றுமணல் ஒட்டியிருக்கும். கூட ஓடிவரும் நண்பர்கள் சொல்வது மட்டும் மாறுவதே இல்லை: "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும் டாக்டரே."

தெரிந்திருக்கும்தான். குளத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. சின்ன வயதில் வாழைத்தடியைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகியவர்கள் இங்கே ஏராளம். ஆனால் மே மாதக் குளத்தில் மேல்தண்ணீர் ஆறிய கஞ்சி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். மலையிலிருந்து இறங்கும் ஓடை அப்படியல்ல, வெயில் படாத மரநிழலில் பாறைக்குப் பாறை விழுந்து வருவது. கசத்தில் மேலே ஒரு முழம் சூடாக இருந்தாலும் இடுப்புக்குக் கீழே வேறு தண்ணீர். அணையின் அடிமதகு வழியாக வருவதும் ஆழத்துத் தண்ணீர்தான், அதில் மேல்மட்டத்தின் சூடு இருக்காது.

ஒரு பையனைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). 19 வயது. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் பைக் ஓட்டி வந்து, வியர்வை காயும் முன்னே பாறை மேலிருந்து குதித்திருக்கிறான். மேலே வந்தான், வாயைத் திறந்தான், மறுபடி உள்ளே போனான். விளையாடுகிறான் என்று நினைத்து நண்பர்கள் வீடியோ எடுத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி அதை என்னிடம் காட்டினார்கள். மொத்தமே 11 விநாடி. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். சினிமாவில் மூழ்குகிறவன் போடும் கூச்சல் நிஜத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை.

அவன் பிழைத்தான். மூன்றாம் நாள் வார்டில் உட்கார்ந்து சொன்னான்: "கத்தணும்னுதான் சார் நினைச்சேன். மூச்சு உள்ள மட்டும்தான் போச்சு, வெளிய வரல."

அவன் சொன்னதுதான் குளிர் அதிர்ச்சி. சூடேறிய தோலில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டதும் நம்மைக் கேட்காமலேயே உடம்பு பெரிதாக ஒரு மூச்சை இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றல்ல. அப்புறம் நாய் இளைப்பது போல வேகவேகமான மூச்சு. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் எகிறி, இதயம் தடதடக்கும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்குத் துடிப்பே தாறுமாறாகலாம். தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போனாலே இது லேசாகத் தொடங்கிவிடும். 15 டிகிரியை நெருங்கும்போது கடுமையாகிவிடும். முதல் அரை நிமிடம்தான் உச்சம், 2, 3 நிமிடத்தில் தணிந்துவிடும். அதுவரை நீந்தப் பார்க்காதீர்கள். மல்லாந்து, காதுவரை தண்ணீரில் விட்டு, கையை லேசாக அசைத்து மிதந்தால் போதும். மூச்சு உங்கள் கைக்கு வந்த பிறகு நீந்துங்கள்.

எங்கள் பாட்டா கடவில் இறங்கும் விதத்தைச் சின்ன வயதில் கிண்டல் செய்திருக்கிறேன். முதலில் கால், பிறகு ஒரு கை அள்ளி முகம், பிடரி, நெஞ்சு. கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அப்புறம்தான் முங்குவார். அவசரப் பிரிவில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்த வரிசையின் அர்த்தம் பிடிபட்டது.

பிடிபட்ட பிறகும் நானே மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்பர்களோடு ரிஷிகேசம் போயிருந்தோம். மே மாதம், கரையில் நல்ல வெயில். கங்கையில் வருவதோ பனி உருகிய தண்ணீர். சிவபுரியிலிருந்து ரிஷிகேசம் வரை ரப்பர் படகில் 16 கிலோமீட்டர். அங்கே ஒரு சுழலுக்கு 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர், குழிகள் அதிகமாம்! எங்களை ஏற்றியவர்கள் லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாரை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அலை தூக்கி எறிந்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டது, நான் கீழே. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பாட்டாவின் முகம் மட்டும் வந்தது, அதனால் என்ன பிரயோஜனம். வழிகாட்டிப் பையன் தோள்வாரைப் பிடித்து இழுத்துப் போட்டான். கரைக்கு வந்த பிறகும் ஜாக்கெட் கொக்கியைக் கழற்ற என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

விரல் சொன்னபடி கேட்காததும் குளிரின் வேலைதான். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகத்தில் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கடும்குளிர் தண்ணீருக்கு மீட்புக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். நம்மூர் ஆறுகள் அந்த அளவுக்குக் குளிர்ந்தவை அல்ல. ஆனால் குலு மணாலிக்கும் ரிஷிகேசத்துக்கும் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஏறும் முன் ஒருவர் உங்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கட்டும். தாடைக்கு மேல் ஏறினால் அது தளர்ச்சி. படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து, கால்களை ஆறு போகும் பக்கம் நீட்டி, பாதம் தெரிய மிதக்க வேண்டும். இழுப்பு இருக்கும் இடத்தில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும்.

அடுத்தது, குளிரே இல்லாமல் ஆளைக் கொல்லும் விஷயம். கோடையில் இங்கே மதியத்துக்கு மேல் மலையில் இடி இடித்துக் கொட்டும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போனது நினைவிருக்கலாம். தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓசை மாறினால் செருப்பைத் தேடாதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள். மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும். 2014 ஜூன் 8ஆம் தேதி இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் போனது அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில். பேச்சிப்பாறை அணைக்குக் கீழே கோதையாற்றில் இறங்குகிறவர்களும் மதகு திறந்திருக்கிறதா என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்கலாம், காசா பணமா.

தடுப்பணைகளுக்குக் கீழே குளிக்கவே வேண்டாம். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு மறுபடி சுவர்ப் பக்கமே திரும்பும், ஆளையும் அப்படியே சுருட்டி வைத்துக்கொள்ளும். குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றித் தனியாக என்ன எழுத.

ஒருவர் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காலி தண்ணீர் கேன், கயிறு, கம்பு, வேட்டி, எது கையில் கிடைக்கிறதோ அதை வீசுங்கள் அல்லது நீட்டுங்கள். வெளியே எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். அதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் காற்றில்லாத நிமிடம். 108ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் 2 முதல் 5 மூச்சு கொடுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை. வாந்தி வந்தால் ஒருக்களித்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பாறையில் தலை மோதியிருந்தால் கழுத்தை அசைக்காமல் தூக்குங்கள்.

எழுந்து உட்கார்ந்துவிட்டால் முடிந்தது என்றும் விட்டுவிடாதீர்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போனவருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலாம். இருமிக்கொண்டே இருந்தால் உடனே கூட்டி வாருங்கள், 6, 8 மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை ஓடையிலிருந்து தூக்கி, துவட்டி, நேராக வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். ராத்திரி 10 மணிக்கு இளைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள், உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்தாள். அவளுடைய சித்தப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்லாத்தான் இருந்தா டாக்டரே, டீயெல்லாம் குடிச்சா."