கோணல் முகம் மூளைக்கு ஏன் சட்டென்று பிடிபடுகிறது?

“புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தால் கண், மூக்கு, தாடை எதுவுமே பொருந்தவில்லை. ஆனாலும் அவர்தான் என்று தெரிகிறதே, எப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் சொல்வது சுரங்க அதிபர் ஜினா ரைன்ஹார்ட்டின் ஓவியத்தை. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் வின்சென்ட் நமட்ஜிரா வரைந்தது. 2024-ல் கான்பெரா தேசிய கலைக்கூடத்தில் அது தொங்கியபோது, எடுத்துவிடும்படி ரைன்ஹார்ட் கேட்டதாகச் செய்தி வந்தது. கலைக்கூடம் எடுக்கவில்லை. கேட்டதன் பலன், கான்பெரா பக்கமே போகாத நாமும் அதைப் பார்த்துவிட்டோம்.

சரி, கேள்விக்கு வருவோம். கண் பார்க்கிறது, பிம்பம் மூளையின் பின்பக்கம் போகிறது, அதெல்லாம் பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. மூளை முகத்தை அப்படியே படம்பிடித்து வைத்துக்கொள்வதில்லை. இதுவரை பார்த்த முகங்களிலிருந்து ஒரு சராசரி முகத்தை உருவாக்கிக்கொண்டு, ஒவ்வொருவரும் அதிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறார் என்பதைக் குறித்துக்கொள்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். சராசரி மூக்கு 5 செ.மீ. என்று வையுங்கள். உங்களுடையது 5.4. மூளைக்கு முக்கியம் அந்த 4 மில்லிமீட்டர். ஓவியர் அதை 8 ஆக்கினால் மூக்கின் அளவு தப்பு, ஆனால் ‘நீங்கள்’ இரட்டிப்பாகிவிட்டீர்கள்! 1987-ல் வெளியான ஆய்வொன்றில், தெரிந்தவர்களின் அச்சு அசலான கோட்டோவியத்தைவிட மிகைப்படுத்திய கோட்டோவியத்தைத்தான் மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். அடையாள அட்டையில் இருப்பது நாம்தானா என்று சந்தேகம் வருவதில் தப்பே இல்லை.

2017-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரங்குகளின் மூளையில் 200 சொச்சம் நரம்பணுக்களை ஒட்டுக்கேட்டார்கள். சராசரி முகத்திலிருந்து விலகப் பல திசைகள் உண்டு; ஒரு நரம்பணுவுக்கு அதில் ஒரு திசை. முகம் அந்தத் திசையில் விலக விலக நரம்பணுவின் துடிப்பு ஏறுகிறது, எதிர்த்திசையில் போனால் இறங்குகிறது. துடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, குரங்கு பார்த்த முகத்தைக் கணினியில் திரும்ப வரைந்தும் காட்டினார்கள். குரங்கு மூளையை நோண்ட இவ்வளவு பணமா என்பவர்களுக்கு ஒன்று: சாமுத்திரிகா லட்சணம் பார்த்து மாப்பிள்ளை தேடச் செலவாகும் பணத்தையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். முகம் சொல்வது ஆள் யார் என்பதை, குணத்தை அல்ல.

இதில் அரசியல் நுழைவது அந்தச் சராசரி வழியாகத்தான். அது நாம் யாரைப் பார்த்து வளர்ந்தோமோ அவர்களால் ஆனது. அதனால்தான் பழக்கமில்லாத இனத்தவர் எல்லாரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். யார் வரைந்த முகங்களைப் பார்க்கிறோம் என்பதும் இதில் சேர்த்திதான்: ஆஸ்திரேலியாவின் பெரிய உருவப்பட விருதான ஆர்ச்சிபால்ட் 1921-ல் தொடங்கியது. அதை வென்ற முதல் பழங்குடி ஓவியர் நமட்ஜிரா, 2020-ல். மைதானத்தில் கூச்சலிட்டு அவமதிக்கப்பட்ட பழங்குடி ‘ஆஸ்திரேலியக் கால்பந்து’ வீரர் ஆடம் குட்ஸும் தானும் கைகோத்து நிற்பதாக வரைந்திருந்தார். ரைன்ஹார்ட் ஓவியம் இருப்பதோ அவர் 21 முகங்களை வரைந்த 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பில். அதிலேயே எலிசபெத் ராணியும் இருக்கிறார், அதே அளவுச் சட்டத்தில், அதே கோணலோடு. தன் முகத்தை வரையும்போதும் நமட்ஜிரா சலுகை காட்டுவதில்லை.